மறு: டயபெடிக் ரெட்டினோபதி - அழற்சியா, சிதைவா, கேடா?

> "நீரிழிவு விழித்திரை அழற்சி"ன்னே வச்சிடலாமே, எல்லாருக்கும் புரியுமே

டயபெடிக் ரெட்டினோபதிக்கு, அதாவது சர்க்கரை நோயால விழித்திரையில (கண்ணுக்குள்ள பின்பக்கம் ஒளியை வாங்குற படலம்) வர்ற பாதிப்புக்கு, நம்ம கலைச்சொல் குழுமத்துல தமிழ்ப் பேர் தேடுறப்ப ஒரு நண்பர் மேல இருக்கிறதை எழுதியிருந்தார். புரியும்ங்க, ஆனா தப்பாப் புரியும், என் கவலையே அதுதான். அழற்சின்னு எழுதுனா மருத்துவம் படிக்கிற பிள்ளைங்க அதை ரெட்டினைட்டிஸ்ங்கிற வேற நோயின்னு தான் எடுத்துக்குவாங்க. மூட்டழற்சி, ஈரலழற்சின்னு "ஐட்டிஸ்"ல முடியிறதுக்கெல்லாம் அந்தச் சொல்லைக் குடுத்தாச்சு. ரெட்டினோபதி அது கெடையாது, வருஷக்கணக்கா ரத்தத்துல சர்க்கரை கூடி ஓடுனதால விழித்திரையில இருக்கிற மெல்லிசான ரத்தக்குழாயோட சுவர் பலவீனமாகி அங்கங்க மொட்டு மாதிரி புடைச்சு, கசிஞ்சு, சில எடத்துல அடைச்சுப் போயி, அந்தப் பக்கத்துக்கு ரத்தம் பத்தாமப் போறது. இதுல முதல்ல கெடுறது குழாய்தான்.

இன்னொரு நண்பர் "விழித்திரைச் சிதைவு"ன்னு எழுதியிருந்தார். அதுக்கு நான் ஒத்துக்கவே மாட்டேன், காரணம் என் வீட்லயே இருக்கு. எங்கம்மாவுக்கு சர்க்கரை வந்து ரொம்ப வருஷம். கண்ணு மங்குது மங்குதுன்னு ரெண்டு தடவை கண்ணாடி மாத்துனோம், வயசானா மங்கத்தானே செய்யும்னு அவங்களும் சொன்னாங்க நாங்களும் நம்புனோம் (சர்க்கரை ஏறி எறங்குனாலே கண்ணு லென்ஸ்ல நீர் ஏறி கண்ணாடி பவர் மாறும்ங்கிறது அப்ப எங்களுக்குத் தெரியாது). கடைசியில சொட்டு மருந்து விட்டு கண்மணியை விரிய வச்சு உள்ள பாத்தப்பதான் தெரிஞ்சுது. சீட்டுல தமிழ்ல "விழித்திரைச் சிதைவு"ன்னு எழுதிக் குடுத்தாங்க. அம்மா அதை எழுத்துக்கூட்டி வாசிச்சிட்டு என்னப் பாத்து "செதஞ்சே போச்சாடா?"ன்னு கேட்டாங்க. அப்ப அவங்களுக்கு இருந்தது ஆரம்ப நிலை, அதுக்கு மேல போகாம நிறுத்த முடியிற நிலை. அந்த ஒரு சொல்லு அவங்கள ஒரு வாரம் தூங்க விடல. அதனாலதான் இந்த இழையில நான் இவ்வளவு பிடிவாதமா எழுதுறேன், மன்னிச்சுக்கங்க.

சரி, பழைய சொல்லு எதையாவது எடுத்துக்கலாமேன்னு கேட்டவருக்கு: கண்ணு விஷயத்துல நம்ம பழைய சொல்லெல்லாம் எவ்வளவு அழகு பாருங்க. வெள்ளெழுத்து, மாலைக்கண், மாறுகண். வெள்ளெழுத்துங்கிறதுல கிட்டத்துல புடிச்சா எழுத்து வெளிறித் தெரியிற அந்த அனுபவமே இருக்கு, மாலைக்கண்ணுல நேரமே இருக்கு. எல்லாம் நோய் வந்தவனுக்கு என்ன தெரியுது, இல்ல எதிர்ல நிக்கிறவனுக்கு என்ன தெரியுதுங்கிறத வச்சு பொறந்த சொல்லு. ரெட்டினோபதிக்கு அந்த வழி அடைபட்டுக் கெடக்கு. ஆரம்பத்துல வலி இல்ல, சிவப்பு இல்ல, பார்வைகூட சரியாவே இருக்கும், வெளிய இருந்து பாக்குறவனுக்கும் ஒண்ணும் தெரியாது. 1851ல ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள்ள பாக்குற கருவியைக் கொண்டு வர்ற வரைக்கும் உயிரோட இருக்கிற மனுசனோட விழித்திரையை மருத்துவர் சரியாப் பாக்கவே வழி இல்ல. அப்புறம் பழைய சொல்லு எங்கேருந்து வரும்? அறிகுறியே காட்டாத நோய்க்கு அறிகுறியை வச்சு பேர் வைக்க முடியாது, எங்க வருது, எதனால வருதுங்கிற ரெண்டையும் பேரே சொல்லணும்.

எங்கங்கிறதுக்கு விழித்திரை இருக்கு, அதுல யாருக்கும் சண்டை இல்ல. எதனாலங்கிறதுலதான் நான் மாறுபடுறேன். நீரிழிவா சர்க்கரையான்னா நான் சர்க்கரை பக்கம். நீரிழிவுங்கிறது டயபெடிஸ்ங்கிற முதல் பாதிக்கு சரியான சொல்லு, கிரேக்கத்துலயும் அது நீர் உள்ள தங்காம கடந்து ஓடுறதைத்தான் சொல்லுது. மெலிட்டஸ்ங்கிற ரெண்டாவது பாதிலதான் தேன், இனிப்பு வருது. டயபெடிஸ் இன்சிபிடஸ்னு வேற ஒரு நோயும் இருக்கு, அதுலயும் சிறுநீர் அளவில்லாம போகும், ஆனா ரத்தத்துல சர்க்கரை ஏறாது, விழித்திரைக்கு இந்தக் கெடுதியும் வராது. அப்ப துல்லியமாப் பாத்தாலும் சர்க்கரைதான் சரி. "சர்க்கரை பேச்சு வழக்கு, நீரிழிவுதான் அறிவியல்"னு ஒரு நினைப்பு நம்ம குழுமத்துல இருக்கு, இந்த எடத்துல அது தலைகீழ். 1993ல வந்த டிசிசிடிங்கிற பெரிய நீரிழிவு ஆய்வுல, முதல் வகை நீரிழிவு இருந்து கண்ணுல இன்னும் பாதிப்பு வராதவங்கள எடுத்து சர்க்கரையை இறுக்கமாக் கட்டுப்படுத்துனப்ப, ரெட்டினோபதி வர்ற அபாயம் 76 சதவீதம் கொறஞ்சுது. எதைக் கட்டுப்படுத்துனா கண்ணு தப்பிக்குமோ அது பேரோட முதல் சொல்லா நிக்கட்டுமே. சர்க்கரை வடசொல்லுன்னு ஆட்சேபம் வரும்னு தெரியும், ஆனா எந்தப் பாட்டிக்கும் விளக்க வேண்டாத சொல்லு அது.

பேரோட கடைசிப் பகுதி, ரெட்டினோபதியில வர்ற "பதி" (இங்கிலீஷ்ல pathy). நோய்னு போட்டா ரொம்ப அகலம், விழித்திரை பிரிஞ்சு விலகுறதும் விழித்திரை நோய்தான். "பழுது" எனக்கு முதல்ல ரொம்பப் புடிச்சிருந்துது, பழுதுன்னா பாத்து சரி பண்ணலாம்ங்கிற தொனி இருக்கு. ஆனா பெரியவங்க "அவருக்கு ஒரு கண்ணு பழுது"ன்னா அந்தக் கண்ணு தெரியாதுன்னுதான் அர்த்தம், சிதைவுல பட்ட அடியே இதுலயும் விழும். அதனால "கேடு". சீர்கேடு, நலக்கேடுன்னு பழகுன சொல்லு, கெட்டுக்கிட்டு வருது ஆனா இன்னும் முடிஞ்சு போகலங்கிற பொருளும் அதுல தங்குது. ஒரு குடும்பமாவும் போகும்: சர்க்கரை விழித்திரைக் கேடு, சர்க்கரை சிறுநீரகக் கேடு, சர்க்கரை நரம்புக் கேடு. உயர் ரத்த அழுத்தத்தால வர்றதுக்கும், குறைமாசக் குழந்தைக்கு வர்றதுக்கும் முன்சொல்லை மட்டும் மாத்துனாப் போதும்.

இப்ப வயசு விஷயம், இதைத்தான் நான் ரொம்ப முக்கியமா நெனைக்கிறேன். ஏஎம்டி அதாவது வயசால மாகுலாவுல (விழித்திரையோட நடுப்பகுதி) வர்ற நோய்க்கும் இதே இழையில "சிதைவு"ன்னே போட்டிருக்கோம். வேற வேற நோய் ரெண்டுக்கும் ஒரே சொல்லு. சர்க்கரை இருக்கிற வயசான ஒருத்தருக்கு ரெண்டும் சேந்தே இருக்கலாம், கூடவே புரையும் மத்தவங்களை விட சீக்கிரமா வந்திருக்கும். அவர் எல்லாத்தையும் "வயசு"ங்கிற ஒரே மூட்டையில கட்டிடுவார், எங்கம்மா கட்டுன மாதிரி. அதனால வயசால வர்றதுக்கு "தேய்வு", சர்க்கரையால வர்றதுக்கு "கேடு", ரெண்டும் எந்த எடத்துலயும் கலக்கக் கூடாது. எலும்புத் தேய்வு, மூட்டுத் தேய்மானம்னு கேட்டுப் பழகுன காதுக்கு தேய்வுன்னதும் வயசு தானா ஞாபகம் வரும், முதுமைன்னு வேற சேக்க வேண்டியதில்ல. இங்கிலீஷ்லயே முன்னாடி இருந்த சினைல் (முதுமை)ங்கிறதை எடுத்துட்டாங்க, 50 தாண்டுனாலே வரக்கூடிய நோய்க்கு நாம ஏன் முதுமைசார்னு போடணும், வயதுசார் போதும்.

மாகுலாவுக்கு "மஞ்சள் புள்ளி" வேண்டாம். "மாகுலா லூட்டியா"ங்கிற முழுப்பேருக்கு லத்தீன்ல அப்படித்தான் பொருள்னாலும், வயதுசார் தேய்வுல விழித்திரைக்கு அடியில படியிற டுரூசன்ங்கிற படிவும் மஞ்சப் புள்ளியாத்தான் தெரியும், சர்க்கரையில கசிஞ்சு படியிற கொழுப்பும் மஞ்சளாத்தான் தெரியும். "மஞ்சள் புள்ளியில் மஞ்சள் புள்ளிகள்"னு அறிக்கை எழுதுனா யாருக்கு என்ன வெளங்கும்? "நடுப்பொட்டு"ன்னு வைக்கலாம். நெத்திப்பொட்டுன்னு உடம்புல ஒரு எடத்துக்கு ஏற்கனவே பேரு இருக்கு, இது விழித்திரைக்கு நடுவுல, எழுத்தையும் முகத்தையும் அடையாளம் காட்டுற எடம். அதுல நீர் சேர்றதை "வீக்கம்"னு சொல்றதும் சரியா வராது, அம்மா இமையைத் தடவிப் பாத்துட்டு வீக்கமே இல்லையேன்னாங்க. "நடுப்பொட்டு நீர்க்கோவை"ன்னா உள்ள நீர் கோத்திருக்குன்னு தெரியும், ஜலதோஷத்துக்கும் அந்தச் சொல்லு புழங்குதுங்கிற ஒரு சங்கடம் இருக்கு, எனக்கு அது பெரிசாப் படல.

ரெட்டினோபதி முத்துன நிலைக்கு "பெருக்க நிலை"ன்னு இருக்கிறதை எடுத்துடுங்க, எது பெருகுதுன்னே சொல்லல. அங்க நடக்கிறது புதுக் குழாய் முளைக்கிறது, அதுவும் லேசுல உடைஞ்சு ரத்தம் கசியிற குழாய். "புதுநாள நிலை"ன்னு (நாளம்னா ரத்தக்குழாய்) நேராவே எழுதலாம்.

கண்ணுக்குள்ள கண்ணாடிமாதிரி கூழ் இருக்கே, விட்ரியஸ், அதுக்கு எனக்கு இன்னும் நல்ல சொல்லு சிக்கல. தெரிஞ்சவங்க எழுதுங்க. இன்னொரு வேண்டுகோள், தொகுப்புல ஏத்துறதுக்கு முன்னாடி சர்க்கரை விழித்திரைக் கேடு, வயதுசார் நடுப்பொட்டுத் தேய்வு, நடுப்பொட்டு நீர்க்கோவை, புதுநாள நிலை, இந்த நாலையும் உங்க வீட்ல சர்க்கரை இருக்கிற பெரியவங்க யார்கிட்டயாவது வாசிச்சுக் காட்டுங்க. கேட்டதும் அவங்க முதல்ல என்ன கேள்வி கேட்டாங்களோ அதை அப்படியே இந்த இழையில போடுங்க.