ஸ்கூல் கேன்டீன் விஷயமா ஒரு ஹெல்ப் வேணும்

வணக்கம் ஃப்ரெண்ட்ஸ். பையன் அஞ்சாவது படிக்கிறான், ஆறு மாசத்துல யூனிஃபார்ம் பேன்ட்ட ரெண்டு தடவை இடுப்புல பிரிச்சுத் தைச்சாச்சு, வீட்ல சுண்டல் கட்டிக் குடுத்தா டப்பா அப்படியே திரும்பி வருது, கேன்டீன்ல பஃப்ஸ், கலர் ஜூஸ்னு வாங்கித் தின்னுட்டு வந்துடறான். பி.டி. பீரியடையும் மேத்ஸ் மிஸ் எடுத்துக்கறாங்களாம், அது எல்லா ஊர் கதைதான், விடுங்க. கேன்டீன்லயும் கேட்ல இருந்து 50 மீட்டருக்குள்ளயும் கொழுப்பு, சர்க்கரை, உப்பு ஜாஸ்தியான அயிட்டம் விக்கக்கூடாதுன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பப் பாத்துக்கற மத்திய அரசு அமைப்பு) 2020லயே ரூல் போட்டிருக்கு, சிபிஎஸ்இயும் 2025ல ஸ்கூல்ல 'சுகர் போர்டு' (எதுல எவ்வளவு சர்க்கரை இருக்குன்னு பசங்களுக்குக் காட்டற போர்டு) வைக்கச் சொல்லிருக்கு. சனிக்கிழமை பேரன்ட்ஸ் மீட்டிங், சண்டைக்குப் போற மாதிரி தெரியாம இத எப்படி ஆரம்பிக்கிறது? உங்க ஸ்கூல்ல யாராச்சும் மெனுவ மாத்த வச்சிருக்கீங்களா? எழுதிக் குடுத்த லெட்டர் இருந்தா அனுப்புங்க ப்ளீஸ்.