நாகா மிளகாயைக் கடித்த அன்று: உங்களுக்கும் இப்படி ஆனதுண்டா?

குன்னூரிலிருந்து:
பழைய சோற்றுக்குக் காந்தாரி மிளகாயைக் கடித்துக்கொள்கிற வீடு எங்களுடையது. அந்தத் திமிர்தான். ஜூலையில் சித்தப்பா மகன் ராணுவத்திலிருந்து விடுமுறைக்கு வந்தான். நாகாலாந்தில் போஸ்டிங். செய்தித்தாளில் பொதிந்து நாலு மிளகாய் கொண்டுவந்திருந்தான். சிவப்பாக, தோல் சுருங்கி இருந்தது. அங்கே ராஜா மிர்ச்சாவாம், அசாமில் பூத் ஜொலோகியா. "2007இல் கின்னஸில் ஏறிய ஜாதி. காரத்தை அளக்கிற ஸ்கோவில் கணக்கில் 10 லட்சம். உன் காந்தாரியெல்லாம் இதுக்கு முன்னாடி சுண்டைக்காய்" என்றான். ரோஷம் வந்துவிட்டது.

நகக்கண் அளவுதான் கடித்தேன், உள்ளே இருந்த வெள்ளை நரம்போடு. (காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைச் சதையில்தான் என்று அப்புறம் தெரிந்தது.) பத்து விநாடி ஒன்றுமில்லை, பழ வாசனைகூட வந்தது. சிரித்தேன். பிறகு காதுக்குள் இரைச்சல், விக்கல். மூக்கும் கண்ணும் ஒழுக, ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுப் பனிமூட்டத்தில் நின்றேன். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தது பெரிய தப்பு. எண்ணெயில் கரைகிற காரத்தைத் தண்ணீர் வாய் முழுக்கப் பரப்பிவிட்டது. அத்தைதான் கெட்டித் தயிரைக் கொடுத்து, "விழுங்காதே, வாயிலேயே வெச்சிரு" என்றார். அது கேட்டது.

வாய் அடங்கியது, வயிறு அடங்கவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு முறுக்கிப் பிடித்து இரண்டு வாந்தி. இறங்கும்போது எரிந்ததைவிட ஏறும்போது எரிந்தது. "நாக்கு வெந்துபோகவில்லை. 43 டிகிரி சூட்டுக்கு விழிக்கிற நரம்பை, மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் சும்மாவே எழுப்பிவிடுகிறது. எனக்குப் பயம் வாந்திதான்" என்றார் டாக்டர். அமெரிக்காவில் இதே மிளகாய் போட்ட பர்கர் தின்றவர் வாந்தி எடுத்ததில் உணவுக்குழாயே கிழிந்ததாம். 2016இல் மருத்துவ இதழில் வந்த சங்கதி.

கூடலூரிலிருந்து:
வாய் பரவாயில்லை சார், கை? காந்தாரியை ஊறுகாய்க்கு அரிந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவிய கையால்தான் கண்ணைக் கசக்கினேன். அரை மணி நேரம் குழாயடியில் கிடந்தேன். இப்போதெல்லாம் முதலில் தேங்காய் எண்ணெய் தடவித் துடைப்பேன், அப்புறம்தான் சோப்பு. அதே செடியில் கொண்டைக்குருவி உட்கார்ந்து பழத்தை ஒவ்வொன்றாக விழுங்கும். பறவைகளுக்கு இந்தக் காரம் உறைக்காது. பார்க்கப் பொறாமையாக இருக்கும்.

பண்ணைக்காட்டிலிருந்து:
மறுநாள் காலையைப் பற்றி எழுதவே இல்லையே? அங்கேயும் அதே நரம்புதான். மூலம் உள்ளவர்கள் பந்தயம் கட்ட வேண்டாம். இதற்குமேல் கேட்காதீர்கள்.

கோத்தகிரியிலிருந்து:
தலைவலி வந்ததா அண்ணா? போட்டியில் கரோலினா ரீப்பர் என்கிற கடுங்கார மிளகாயைத் தின்ற 34 வயதுக்காரர் ஒருவருக்கு மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, இடி விழுந்த மாதிரி தலைவலி வந்ததாக 2018இல் படித்தேன். ஐந்து வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் சரியாகியிருந்ததாம்.

குன்னூரிலிருந்து:
தலைவலி இல்லை தம்பி, தப்பித்தேன். மறுநாள் காலையைப் பற்றிப் பண்ணைக்காட்டுக்காரர் சொன்னதே போதும். மிச்சமிருந்த மிளகாயின் விதையை அத்தை தொட்டியில் போட்டுவைத்தார். இரண்டு முளைத்திருக்கின்றன. டிசம்பர் உறைபனிக்குத் தாங்காது என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். அத்தை நேற்று அதற்குக் கண்ணாடிக் கூண்டு கேட்கிறார்.