தோடி காந்தாரம் அசையவே மாட்டேங்குது: சொந்தப் பாட்டை ஃபைலா மாத்த உதவி வேணும்

செம்பூர்_வீணை:
எல்லாருக்கும் வணக்கம். சொந்தமா மெட்டுப் போட்ட பதினோரு உருப்படி நோட்டில் ஸ்வரப்படுத்தி வச்சிருக்கேன். பென்சில் எழுத்து, அழிய ஆரம்பிச்சாச்சு. பேத்தி மியூஸ்ஸ்கோர்னு ஸ்வரம் எழுதற மென்பொருள் போட்டுக் கொடுத்தா. என் சுருதி அஞ்சு கட்டை, அதனால ஸ-வை ஜி-ன்னு வச்சுண்டு, ஒரு தோடி வர்ணத்தை மூணு வாரமா உக்காந்து ஏத்தினேன். வாசிக்க விட்டா காந்தாரம் கம்பம் நட்ட மாதிரி நிக்கறது. மிடியா எடுத்தேன், எம்பி3-யா எடுத்தேன், சிதார் சத்தம், வயலின் சத்தம் எல்லாம் மாத்தியாச்சு. கமகத்துக்குன்னு, அதான் ஸ்வரத்தை அசைக்கறதுக்கு, எங்கேயாவது பட்டன் இருக்கா?

தானே_தம்பி:
மாமி, முணுமுணுத்து ஏஐ ஆப்ல போடுங்க. முழுப் பாட்டே வந்துடும்.

செம்பூர்_வீணை:
வரும்ப்பா. அது யாரோட பாட்டுன்னுதான் தெரியாது.

மாட்டுங்கா_கீபோர்டு:
பட்டன் இல்லை மாமி. மிடி ஃபைலுக்குள்ள சத்தமே கிடையாது. கீபோர்டுல எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போ விட்டது, இவ்வளவுதான். 1983-ல வெவ்வேறு கம்பெனி கீபோர்டுகள் ஒண்ணோட ஒண்ணு பேசறதுக்காக வந்தது. 0-லேர்ந்து 127 வரைக்கும் ஸ்வர எண். தோடி காந்தாரத்துக்கு அதுல எண் ஏது? அது ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவுல ஊஞ்சலாடறது.

ஆனா ஸ்வரத்தை மேலே கீழே வளைக்க பிட்ச் பெண்ட்னு ஒண்ணு இருக்கு. வழக்கமா மேலே 2 அரைஸ்வரம், கீழே 2 அரைஸ்வரம் வளையும். சாதாரண காந்தாரத்துலேர்ந்து 2 ஏறினா சுத்த மத்யமம், 2 இறங்கினா சுத்த ரிஷபம். தோடிக்குன்னே அளந்து வச்ச மாதிரி! ரீப்பர் மாதிரி மென்பொருள்ல அந்த வளைவைக் கையால வரையலாம். நான் ஒரு பல்லவி வரி வரைஞ்சேன், ரெண்டு ஞாயித்துக்கிழமை போச்சு. கேட்டா பாம்பாட்டி மகுடி மாதிரி இருந்தது.

என் யோசனை: மியூஸ்ஸ்கோர் ஃபைல் நோட்டுக்குப் பதிலா இருக்கட்டும், எழுத்து அழியாது. பாட்டை நீங்களே பாடிப் பதிவு பண்ணுங்க. தம்புராவை ஹெட்ஃபோன்ல மட்டும் கேளுங்க, குரல் தனியா விழணும். போன் போதும், ஆனா எம்பி3 மாதிரி சுருக்காத வேவ் ஃபைலா எடுங்க. தம்புராவை அப்புறம் ஆடாசிட்டின்னு ஒலியை வெட்டி ஒட்டற மென்பொருள்ல தனி டிராக்கா சேர்த்துக்கலாம்.

செம்பூர்_வீணை:
பத்து நாள் கழிச்சு வரேன். பாடியாச்சு, கமகம் எல்லாம் அப்படியே இருக்கு. புதுத் தொல்லை. ஆடாசிட்டியில தம்புராவோட சேர்த்தா என் குரல் சுருதி சேரலை. இறங்கி, நாலுக்கும் நாலரைக்கும் நடுவுல எங்கேயோ தொங்கறது. போன்ல கேட்டா சரியா அஞ்சு கட்டை. முப்பது வருஷமா பாடறேன், எனக்கே சந்தேகம் வந்துடுத்து.

மாட்டுங்கா_கீபோர்டு:
உங்க சுருதி மேல சந்தேகம் வேண்டாம். போன்ல பாட்டு எத்தனை நிமிஷம், ஆடாசிட்டியில எத்தனை?

செம்பூர்_வீணை:
போன்ல சரியா 4 நிமிஷம். இங்கே 4 நிமிஷம் 21 விநாடி. அட!

மாட்டுங்கா_கீபோர்டு:
டிராக் பேர் பக்கத்து மெனுவுல ரேட்னு இருக்குமே, அதை மாத்தினீங்களா?

செம்பூர்_வீணை:
ஆமாம். சிடிக்கு 44100-தான்னு எங்கேயோ படிச்சேன், 48000 இருந்ததை மாத்தினேன்.

மாட்டுங்கா_கீபோர்டு:
அதான். போன் சத்தத்தை விநாடிக்கு 48000 தடவை அளந்து எடுத்து வச்சிருக்கு. அந்த ரேட் அதை மாத்தி அமைக்காது, "44100-ன்னு நினைச்சு வாசி"ன்னு மட்டும் சொல்லும். அதனால பாட்டு நீண்டு, சுருதி கிட்டத்தட்ட ஒன்றரை அரைஸ்வரம் இறங்கிடும். திரும்ப 48000 வையுங்க. கடைசியா வெளியே எடுக்கும்போது 44100 கேட்டா அதுவே ஒழுங்கா மாத்திக்கும்.

எம்பி3 வாட்ஸ்அப்புல அனுப்ப மட்டும். மூலம் வேவாவே இருக்கட்டும். 44100, 16 பிட் ஸ்டீரியோன்னா நிமிஷத்துக்கு 10 எம்பி சொச்சம்தான், பதினோரு உருப்படியும் ஒரு பென்டிரைவ்ல ஒரு மூலைக்குக் காணாது.

செம்பூர்_வீணை:
சேர்ந்துடுத்து தம்பி! அனுபல்லவியில ஃபேனும், அதுக்கு மேல புறாவும் கேக்கறது. எடுக்க முடியுமா?

மாட்டுங்கா_கீபோர்டு:
ஃபேன் ஒரே மாதிரி ஓடறதால நாய்ஸ் ரிடக்‌ஷன்ல போயிடும். நீங்க பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விநாடி அதுக்கு மாதிரி காட்டுங்க. புறா போகாது மாமி, ஜன்னலைச் சாத்திண்டு அனுபல்லவியை மட்டும் திரும்பப் பாடுங்க.