ரிப்பீட்டர் தெளிவாகக் கேட்கிறது. நான் பேசினால் பதில் இல்லை – உதவி தேவை

பள்ளத்தூர் புதியவர் | வெள்ளி, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். மலை மேல் உள்ள ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) ரிப்பீட்டர், அதாவது நம் குரலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம், என் கைக்கருவியில் நன்றாகக் கேட்கிறது. மதுரைப் பக்கத்து அன்பர்கள் பேசுவது அடுத்த அறையில் பேசுவதைப் போல விழுகிறது. ஆனால் நான் பேசுவதற்கான பிடிடி பொத்தானை அழுத்தி, உரிமத்தோடு தந்த அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒருவரும் பதில் தருவதில்லை. மூன்று நாளாக இதே நிலை. அமைப்புகளை எல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறேன். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இதைச் சரிசெய்துவிட வேண்டும். காரணம் தெரிந்தவர்கள் சொல்லி உதவுங்கள்.

காரைக்குடி ஆசிரியை | வெள்ளி, இரவு 9.26

தம்பி, எந்தக் கருவி என்று எழுதவில்லையே. ரிப்பீட்டரின் வெளியீட்டு அதிர்வெண் என்ன, ஆஃப்செட்டை (கேட்கும், பேசும் அதிர்வெண்களின் இடைவெளியை) எந்தத் திசையில் வைத்தீர்கள், டோன் (ரிப்பீட்டரைத் திறக்கக் குரலோடு சேர்த்து அனுப்பும் தாழ்ந்த ஒலி) எவ்வளவு, சானலைக் கருவியின் பொத்தான்களிலேயே பதிந்தீர்களா அல்லது கணினி வழியாக ஏற்றினீர்களா, வீட்டுக்குள் இருந்து பேசினீர்களா அல்லது மொட்டை மாடியில் நின்றா? இவை தெரியாமல் யார் என்ன சொன்னாலும் அது ஊகமாகத்தான் இருக்கும்.

கோட்டையூர் ஆண்டெனா அன்பர் | வெள்ளி, இரவு 9.41

எனக்கு விவரம் எதுவும் தேவையில்லை, இது ஆண்டெனாக் குறைதான். நம் பக்கத்து வீடுகளின் சுவர் எவ்வளவு கனம் என்பது உங்களுக்கே தெரியும். முகப்பைத் தாண்டி வீட்டின் உட்பகுதியான வளவுக்குள் போய்விட்டால் கைபேசியே தடுமாறுகிறது. கருவியோடு வரும் குட்டையான ரப்பர் ஆண்டெனாவை வைத்துக்கொண்டு அங்கிருந்து மலையை எட்ட முடியாது. 49 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு செம்புக் கம்பியை வெட்டி, ஆண்டெனாவின் அடிவளையத்தில் சுற்றி, கீழ்நோக்கித் தொங்கவிடுங்கள். நாம் பேசும் இரண்டு மீட்டர் அலைநீளப் பட்டைக்கு அது கால் அலைநீளம். கைக்கருவிக்கு இல்லாத மறுபாதி அதனால் கிடைத்துவிடும். நான் பல பேருக்கு இதைச் செய்து கொடுத்திருக்கிறேன்.

தேவகோட்டை மூத்த நேயர் | வெள்ளி, இரவு 10.05

முதலில் ஒரு கேள்வி: தாங்கள் ஏஎஸ்ஓசி என்ற ஹாம் தேர்வு எழுதி உரிமம் பெற்றவர்தானா? பெற்றவர் என்றால் ரிப்பீட்டர் ஓர் அதிர்வெண்ணில் கேட்டு இன்னோர் அதிர்வெண்ணில் பேசும் என்ற அடிப்படையைப் படித்திருக்க வேண்டும். இரண்டு மீட்டர் பட்டையில் அந்த இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ். "எல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறேன்" என்று எழுதுகிறவர்கள் எதைப் போட்டார்கள் என்பதை எழுதுவதில்லை. முப்பது ஆண்டுகளாக நான் பார்த்து வருவது இதுதான். இப்போதெல்லாம் கருவி கைக்கு வந்த அன்றே கணினியில் செருகி யாரோ தயாரித்த கோப்பை ஏற்றிவிடுகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே பொத்தானை அழுத்துகிறார்கள். கையேட்டை ஒரு முறையாவது முழுதாகப் படியுங்கள்.

பள்ளத்தூர் புதியவர் | சனி, காலை 6.50

விவரம் கொடுக்காததற்கு மன்னிக்கவும். கருவி பாவ்ஃபெங் யுவி-5ஆர். இரண்டு மாதங்களுக்கு முன் வியு3 என்று தொடங்கும் அழைப்புக்குறி வந்தது, ஐயா. வெளியீடு 145.700 மெகாஹெர்ட்ஸ். டோன் 123 ஹெர்ட்ஸ் என்று அங்கே பேசுகிற ஒருவர் சொன்னார். கணினியிலிருந்து கருவிக்குச் சானல்களை ஏற்றும் சிர்ப் மென்பொருளில், ஆஃப்செட்டின் திசையைக் குறிக்கும் டூப்ளெக்ஸ் பத்தியில் கழித்தல் குறி, ஆஃப்செட் 0.600, டோன் 123 என்று போட்டு ஏற்றினேன். மாடியில் நின்றுதான் பேசினேன். ஆற்றல் உயர்நிலையில்தான் இருக்கிறது.

திருப்பத்தூர் நேயர் | சனி, காலை 7.30

மெனு 26-ஐத் திறந்து பாருங்கள். அங்கே 00.600 என்று இருக்க வேண்டும். 06.000 என்று இருந்தால் ஆறு மெகாஹெர்ட்ஸ் தள்ளிப்போய், 139.700-இல் பேசுகிறீர்கள் என்று பொருள். நம் நாட்டில் ஹாம்களுக்குரிய பட்டை 144 முதல் 146 வரைதான். யுவி-5ஆர் 136 முதல் 174 வரை எங்கு வேண்டுமானாலும் அலையை அனுப்பிவிடும், நம்மைத் தடுக்காது. எனக்கு முதல் வாரத்தில் நடந்தது இதுவேதான். மெனு 25-இல் திசையும் கழித்தல்தானா என்று பார்த்துவிடுங்கள்.

கோட்டையூர் ஆண்டெனா அன்பர் | சனி, காலை 8.02

மாடியில் நின்றாலும் ரப்பர் ஆண்டெனா ரப்பர் ஆண்டெனாதான். ரிப்பீட்டர் கேட்கிறது என்பதால் நாம் பேசுவது அங்கே போய்ச் சேரும் என்று எண்ண வேண்டாம். அது 25 வாட்டில் பேசினால் நீங்கள் 4 வாட்டில் பேசுகிறீர்கள். ஆறு மடங்கு வித்தியாசம்.

காரைக்குடி ஆசிரியை | சனி, காலை 9.15

கோட்டையூர் ஐயா சொல்லும் கணக்கு சரிதான். ஆனால் ஆறு மடங்கு என்பது 8 டெசிபெல்தான். இவருக்கோ மலைப் பக்கத்துக் குரல் இரைச்சலே இல்லாமல் விழுகிறது. கேட்கும்போது அவ்வளவு தாராளமாக வருகிற பாதையில், திரும்பிப் போகும்போது கரகரப்பாகவாவது போய்ச் சேர வேண்டும். கொடைக்கானலைப் போல 2,100 மீட்டர் உயரமுள்ள ஒரு மலையிலிருந்து ரேடியோ தொடுவானம் (அலை தடையின்றி எட்டும் எல்லை) ஏறத்தாழ 190 கிலோமீட்டர். இடையில் குன்றுகள் மறைக்காவிட்டால், நம் ஊர் மாடியிலிருந்து அவ்வளவு உயரத்தை எட்டுவது இயலாத செயலன்று. ஒன்றுமே போகவில்லை என்பதால் எனக்கு ஐயம் அமைப்பின் மீதுதான்.

ஊகிப்பதை விட்டுச் சோதித்துப் பார்க்கலாம். கோட்டையூர் பள்ளத்தூருக்கு அருகில்தான் இருக்கிறது. கோட்டையூர் ஐயா தம் கருவியை ரிப்பீட்டரின் உள்ளீடான 145.100-இல் வைத்து, டோன் எதுவும் போடாமல் காத்திருக்கட்டும். தம்பி, நீங்கள் சானலில் அழைப்புக்குறியைச் சொல்லிப் பேசுங்கள். அவருக்கு நேரடியாகக் கேட்டால் ஆஃப்செட்டும் திசையும் சரி. மிச்சமிருப்பது டோன் மட்டுமே. கேட்காவிட்டால் திருப்பத்தூர் அன்பர் சொன்ன வழியில் போகலாம்.

இன்னொன்று. பொத்தானை விட்ட பிறகு ரிப்பீட்டரின் அலை ஓரிரு நொடி தொங்கி நின்று, பிறகு அறுபடுவது கேட்கிறதா? கேட்டால் ரிப்பீட்டர் திறந்துவிட்டது, பதில் சொல்லத்தான் ஆளில்லை. அதற்காக அழைப்புக்குறி சொல்லாமல் பொத்தானை மட்டும் தட்டித் தட்டிப் பார்க்க வேண்டாம். பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு அது பெருந்தொல்லை.

தேவகோட்டை மூத்த நேயர் | சனி, காலை 10.20

இவ்வளவு சுற்றுவழி எதற்கு? சிர்ப்பில் ஏற்றியதை அழித்துவிட்டுப் பொத்தான்களில் பதியச் சொல்லுங்கள். மேல்வரிசையில் வெளியீட்டு அதிர்வெண்ணை அடித்து, மெனு 13-இல் அனுப்பும் டோனை வைத்து, மெனு 27-இல் சானல் எண்ணைத் தேர்ந்து சேமிக்க வேண்டும். பிறகு 145.100 என்று அடித்து, அதே மெனு 27-இல், அதே சானல் எண்ணில் மறுபடியும் சேமிக்க வேண்டும். முதலாவது கேட்பதற்கு, இரண்டாவது பேசுவதற்கு. இரண்டாவதை விட்டுவிடுகிறவர்களுக்கு ரிப்பீட்டர் கேட்கும், ஆனால் திறக்காது. கையால் செய்தவருக்கு எங்கே பிழை என்று கண்ணுக்குத் தெரியும். கணினி செய்து கொடுத்தால் பிழையும் கணினிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும்.

2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டைப் பக்கத்தை எப்படிச் சாய்த்துப் போட்டது என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். நாள் கணக்கில் மின்சாரம் இல்லை, கைபேசிக் கோபுரங்கள் இல்லை. அந்த நேரத்தில் புதிய அதிர்வெண் ஒன்றைப் போட வேண்டும் என்றால் மடிக்கணினிக்கு எங்கே போவது? மழைக்காலத்துக்குத் தயாராகிறவர் முதலில் கற்க வேண்டியது பொத்தான்களைத்தான்.

திருப்பத்தூர் நேயர் | சனி, காலை 10.58

ஐயா, அவசரத்துக்குப் பொத்தான்களில் பதியத் தெரிய வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யுவி-5ஆரில் 128 சானல் இருக்கிறது. அவற்றின் பெயர்களைப் பொத்தான்களில் எழுதவே முடியாது, மென்பொருளில்தான் எழுத முடியும். ஒரு குழுவில் பத்துப் பேர் இருந்தால் பத்துக் கருவியிலும் ஏழாம் சானல் ஒரே அதிர்வெண்ணாக இருக்க வேண்டும். கையால் பதிந்தால் பத்தில் இரண்டு பேராவது பிசகிவிடுவார்கள், புயல் இரவில் அந்த இரண்டு பேரைத் தேடிக்கொண்டிருக்க நேரிடும். மேலும், கேட்க மட்டும் வைத்திருக்கும் சானல்களில் டூப்ளெக்ஸ் பத்தியில் 'ஆஃப்' என்று போட்டுவிட்டால், தவறிப் பொத்தானை அழுத்தினாலும் அலை வெளியே போகாது. அந்தப் பாதுகாப்பு, பொத்தான்களில் பதியும் வழியில் கிடைக்காது.

தேவகோட்டை மூத்த நேயர் | சனி, காலை 11.12

அழுத்தக் கூடாத இடத்தில் அழுத்தாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. அதைக் கோப்பு கற்றுத்தராது.

காரைக்குடி ஆசிரியை | சனி, காலை 11.40

இரண்டும் வேண்டும், ஐயா. 2004 டிசம்பர் சுனாமியின்போது, வானொலிப் பயணமாக அந்தமானுக்குப் போயிருந்த ஹாம் குழுவினர் போர்ட் பிளேரிலிருந்து செய்திகளை அனுப்பினார்கள். முன்கூட்டியே எல்லாவற்றையும் திட்டமிட்டு எடுத்துப்போயிருந்தார்கள்; இடத்துக்கேற்ப மாற்றவும் தெரிந்திருந்தார்கள். இதைத் தனி இழையில் பேசுவோம். இங்கே ஒருவர் மூன்று நாளாகப் பதில் கிடைக்காமல் நிற்கிறார். கோட்டையூர் ஐயா, இன்று மாலை சோதனைக்கு நேரம் இருக்குமா?

கோட்டையூர் ஆண்டெனா அன்பர் | சனி, பிற்பகல் 2.15

ஐந்தரை மணிக்கு மாடியில் இருப்பேன். தம்பி, ஒரு கம்பியையும் வெட்டி எடுத்து வாருங்கள், ஒன்றாகப் பார்த்துவிடலாம்.

கோட்டையூர் ஆண்டெனா அன்பர் | சனி, மாலை 6.20

145.100-இல் அவர் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கம்பி இல்லாமலே கேட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆகவே ஆஃப்செட் சரி. ஆனால் அப்போதும் ரிப்பீட்டர் திறக்கவில்லை. நான் டோன் போட்டுப் பேசியபோது உடனே திறந்தது.

என்னிடமும் அதே கருவிதான் இருக்கிறது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போது மெனு 11-க்குப் போய், நட்சத்திரக் குறியுள்ள ஸ்கேன் பொத்தானை அழுத்தினேன். வருகிற அலையில் என்ன டோன் இருக்கிறது என்று கருவியே தேடிச் சொல்லும். 88.5 என்று காட்டியது. மூன்று முறையும் அதேதான். தம்பி 123 அனுப்பவில்லை.

காரைக்குடி ஆசிரியை | சனி, மாலை 6.48

நன்றி ஐயா, இப்போது இடம் தெரிந்துவிட்டது. 88.5 என்பது சிர்ப்பில் புதிய சானல் ஒன்றைத் தொடங்கும்போது தானாக வந்து நிற்கும் மதிப்பு.

தம்பி, சிர்ப்பில் டோனுக்கு மூன்று பத்திகள் இருக்கின்றன. 'டோன் மோட்' என்பது எந்த முறை என்பதைச் சொல்லும். அதில் 'டோன்' என்று வைத்தால் நாம் அனுப்பும்போது மட்டும் டோன் சேரும். அதன் மதிப்பு 'டோன்' என்ற பத்தியிலிருந்து எடுக்கப்படும். 'டிஎஸ்க்யூஎல்' என்று வைத்தால் அனுப்பும்போதும் சேரும், கேட்கும்போதும் அதே டோன் வந்தால்தான் ஒலிபெருக்கி திறக்கும்; அதன் மதிப்பு 'டோன் ஸ்கெல்ச்' என்ற வேறொரு பத்தியிலிருந்து எடுக்கப்படும். நீங்கள் முதலில் டிஎஸ்க்யூஎல் வைத்துப் பார்த்தீர்களா?

பள்ளத்தூர் புதியவர் | சனி, இரவு 7.30

ஆமாம் அக்கா. முதல் நாள் அப்படித்தான் வைத்தேன். ஒரு குரலும் கேட்கவில்லை. அதனால் டோன் மோடை மட்டும் 'டோன்' என்று மாற்றினேன், கேட்கத் தொடங்கியது. அது முக்கியம் என்று தோன்றாததால் எழுதவில்லை.

காரைக்குடி ஆசிரியை | சனி, இரவு 7.44

அதுதான் காரணம். நீங்கள் தட்டிய 123 டோன் ஸ்கெல்ச் பத்தியிலேயே தங்கிவிட்டது. முறையை மாற்றியவுடன் கருவி பக்கத்துப் பத்தியில் இருந்த 88.5-ஐ எடுத்துக்கொண்டது. முதல் நாள் ஒன்றும் கேட்காமல் போனதற்கு, அந்த ரிப்பீட்டர் தன் வெளியீட்டில் டோன் அனுப்புவதில்லை என்பது காரணமாக இருக்க வேண்டும்.

கருவியில் இருப்பதை முதலில் கணினிக்கு இறக்கி, அந்தக் கோப்பைத் தேதியிட்டுத் தனியே சேமியுங்கள். பிறகு டோன் மோட் 'டோன்' என்றே இருக்க, டோன் பத்தியில் 123.0 என்று மாற்றி ஏற்றுங்கள். இறக்காமல் வேறொருவருடைய கோப்பை நேராக ஏற்ற வேண்டாம்.

திருப்பத்தூர் நேயர் | சனி, இரவு 8.10

ஏற்றும்போது கருவி பதில் தரவில்லை என்று வந்தால் கேபிளைப் பாருங்கள். போலிச் சில்லு வைத்த கேபிள்களைப் புதிய விண்டோஸ் டிரைவர் ஏற்பதில்லை. கருவிப் பக்கத்துச் செருகியையும் கடைசிவரை அழுத்திச் செருகுங்கள். பாதியில் நிற்பதுதான் பெரும்பாலும் பிழை.

தேவகோட்டை மூத்த நேயர் | சனி, இரவு 8.35

மெனு 13-ஐத் திறந்து பார்த்திருந்தால் 88.5 என்று முதல் நாளே கருவியின் முகத்தில் தெரிந்திருக்கும். நான் சொல்ல வந்தது அதைத்தான். ஆயினும் ஸ்கேன் பொத்தானால் டோனைக் கண்டுபிடித்தது நல்ல வேலை, கோட்டையூராரே. தம்பி, சரியான பிறகு நம் மாவட்ட அன்பர்களின் அதிர்வெண்ணிலும் ஒரு முறை வந்து பேசுங்கள். இரவு எட்டு மணிக்கு நான் அங்கே இருப்பேன்.

பள்ளத்தூர் புதியவர் | ஞாயிறு, இரவு 9.02

டோன் பத்தியை மாற்றி ஏற்றினேன், முதல் அழைப்பிலேயே ரிப்பீட்டர் திறந்தது. மதுரை அன்பர் ஒருவர் பதில் தந்தார். குரல் தெளிவாக வருவதாகச் சொன்னார். மாடியில் மட்டும்தான். வளவுக்குள் வந்தால் உடைகிறது. எல்லோருக்கும் நன்றி.

கோட்டையூர் ஆண்டெனா அன்பர் | ஞாயிறு, இரவு 9.20

வளவுக்குள் உடைகிறது என்றால் இனிமேல்தான் என் வேலை. மாடியில் ஒரு ஆண்டெனாவை நிறுத்திக் கீழே கேபிள் இழுக்கலாம். ஆனால் ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிளை வாங்க வேண்டாம். அதில் 20 மீட்டர் இழுத்தால் இந்தப் பட்டையில் ஏறத்தாழ 4 டெசிபெல் போய்விடும். 4 வாட் மேலே போகும்போது ஏறத்தாழ ஒன்றரை வாட்டாகிவிடும். முதலில் அந்த 49 சென்டிமீட்டர் கம்பியோடு இரண்டாங்கட்டில் நின்றும் முற்றத்தில் நின்றும் பேசிப் பார்த்து, இரண்டிலும் எப்படிக் கேட்டது என்று எழுதுங்கள்.

கோட்டையூர் ஆண்டெனா அன்பர் | வியாழன், காலை 7.05

தம்பி, கம்பி என்னவாயிற்று?