ப்ளீடிங்: குருதியும் வேண்டாம், வடிப்பும் வேண்டாம்

வணக்கம் நண்பர்களே,

ஏபிஎஸ் (திடீர்னு பிரேக் புடிச்சாலும் சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கற அமைப்பு) இருக்கற பைக்குக்கு வீட்டுலயே பிரேக் ஆயில் மாத்தறது எப்படின்னு நான் எழுதிட்டு இருக்கற குறிப்புக்காகத்தான் 'ப்ளீடிங்'குக்கு, அதாவது பிரேக் குழாய்ல புகுந்த காத்தை திரவத்தோட சேர்த்து வெளிய விடற வேலைக்கு, தமிழ்ல என்ன போடலாம்னு கேட்டேன், கேட்டுட்டு ரெண்டு நாள் பைக்கோட மல்லுக்கட்ட போயிட்டேன், வந்து பார்த்தா இருபத்தி சொச்சம் மடல். தனித்தனியா பதில் போடாம எல்லாத்துக்கும் சேர்த்து இங்கயே சொல்லிடறேன், கொஞ்சம் நீளும்.

> குருதி வடித்தல், குருதிப்போக்கு

சிரிச்சு முடிச்சாச்சு, மேல போவோம்.

> வடித்தல், வடிப்பு

இதுக்குத்தான் ஆதரவு அதிகம். நல்ல சொல்தான், சின்னதாவும் இருக்கு. ஆனா வடிக்கறதுன்னா உள்ள இருக்கற திரவத்த வெளிய இறக்கிடறதுதானே? 'பிரேக்கை வடி'ங்கறத மட்டும் படிச்சிட்டு ஒருத்தன் ஸ்பானரோட உக்காந்தான்னு வைங்க, கீழ காலிப்பர்ல (சக்கரத்துகிட்ட பிரேக்கை அமுக்கிப் புடிக்கற பாகம்) நிப்பிளை (திரவத்த வெளிய விடற குட்டித் திருகு) திறந்து விட்டுட்டு மேல ரிசர்வாயர் (திரவம் இருக்கற டப்பா) காலியாகற வரைக்கும் பார்த்துட்டு இருப்பான். இந்த வேலையில செய்யவே கூடாதது அதுதான். ரிசர்வாயர் மட்டம் இறங்கி அடியில இருக்கற துளை வெளிய தெரிஞ்சதும் லிவர் அழுத்தத்த திரவத்துக்கு கொடுக்கற மாஸ்டர் சிலிண்டர் காத்தை இழுத்துக்கும், அதுவரைக்கும் பண்ண வேலை மொத்தமும் போச்சு.

எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. சரி, கேளுங்க. முன் பிரேக் பாதி வேலையில போன் வந்துச்சு, ஒரு கையில போனை வச்சிக்கிட்டு இன்னொரு கையால லிவரை அமுக்கி அமுக்கி விட்டுட்டு இருந்தேன், டியூப்ல பழைய பழுப்புத் தண்ணி போய் புதுசு தெளிவா வர்றது மட்டும்தான் கண்ணுல பட்டுச்சு, மேல பார்க்கவே இல்ல. திடீர்னு லிவர் பஞ்சாயிடுச்சு, காத்து புகுந்துடுச்சு.

ஏபிஎஸ் இல்லாத பைக்கா இருந்தா அதோட போயிருக்கும். மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே குழாய், ரிசர்வாயரை நிரப்பு, லிவரை அமுக்கிப் புடி, நிப்பிளை கால் சுத்து திற, குமிழியோட திரவம் வரும், லிவர் கைப்பிடிய தொடறதுக்குள்ள நிப்பிளை மூடு, மூடினதுக்கு அப்புறம்தான் லிவரை விடு. இந்த வரிசையில கடைசி ரெண்டும் மாறிட்டா வெளிய போன காத்தே திரும்ப உள்ள வரும். குமிழி நிக்கற வரைக்கும் இதேதான், நடுநடுவுல மேல மட்டத்த பார்த்துக்கணும்.

ஏபிஎஸ்ல நடுவுல மாடுலேட்டர் பெட்டி ஒண்ணு இருக்கு பாருங்க, அங்கதான் கதை. சாதாரணமா பிரேக் புடிக்கறப்ப அதுக்குள்ள நுழைவு வால்வு திறந்தே இருக்கும், வெளியேற்ற வால்வு மூடியே இருக்கும், நம்ம கை அழுத்தம் அப்படியே காலிப்பருக்கு போயிடும். சக்கரம் பூட்டிக்கப் போற நேரத்துல மட்டும் நுழைவு மூடி வெளியேற்றம் திறக்கும், காலிப்பர்ல இருந்த அழுத்தம் பெட்டிக்குள்ள ஒரு குட்டி சேமிப்பறைக்கு தப்பிச்சு போகும், பம்ப் அத திரும்ப மாஸ்டர் சிலிண்டர் பக்கமா தள்ளும். லிவர்ல கடகடன்னு அதிருமே, அது இந்த பம்ப்தான். அதாவது அந்த சேமிப்பறை இருக்கற வழி மத்த நேரத்துல எல்லாம் மூடியே கெடக்கு, நாம லிவரை எத்தனை தடவை அமுக்கினாலும் அதுல இருக்கறது வெளிய வராது.

நான் பண்ண ரெண்டாவது மடத்தனம், லிவர் பாதி இறுகினதுமே போதும்னு நினைச்சு ஓட்டிப் பார்க்க போனது. சரளை மேல பிரேக் புடிச்சேன், ஏபிஎஸ் வேலை செஞ்சுது, குழாய்ல மிச்சம் இருந்த காத்து சேமிப்பறைக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு. வீட்டுக்கு வந்து மறுபடி எல்லாம் பண்ணேன், லிவர் கல்லு மாதிரி ஆச்சு, சந்தோஷமா இருந்தேன், அடுத்த தடவை ஏபிஎஸ் துடிச்சதும் திரும்ப பஞ்சு. இதுக்கு முறையான வழி கண்டறிகருவிய (வண்டியோட கம்ப்யூட்டரோட பேசற கருவி) மாட்டி பம்பையும் வால்வையும் ஓட விட்டு காத்தை வெளிய கொண்டு வர்றது, சில பைக்குக்கு அதத் தவிர வேற வழியே சர்வீஸ் கையேடு சொல்றதில்ல. கருவி இல்லாதவங்க செய்யறது, முதல்ல லிவர் நல்லா இறுகற வரைக்கும் காத்தெடுத்துட்டு, ஆளில்லாத மண் தரையில மெதுவா போய் ரெண்டு மூணு தடவை வேணும்னே ஏபிஎஸ்ஸ துடிக்க விட்டு, திரும்ப வந்து மறுபடி காத்தெடுக்கறது. எனக்கு அப்படி ரெண்டு நடை ஆச்சு.

இதெல்லாம் இங்க எதுக்குன்னா, மேல என்னை அறியாம நானே 'காத்தெடுத்துட்டு'ன்னு எழுதியிருக்கேன் பாருங்க. மெக்கானிக் யாரும் குருதின்னோ வடிப்புன்னோ சொல்லி நான் கேட்டதில்ல. 'ஏர் புடிச்சிருக்கு, ஏர் எடுக்கணும்', அவ்வளவுதான். டீசல் வண்டியில எரிபொருள் குழாய்ல காத்து புகுந்து எஞ்சின் நின்னாலும் இதே பேச்சுதான். இங்கிலீஷ் சொல் வெளிய ஒழுகறத பார்த்து பேர் வச்சிருக்கு, இவங்க எதுக்காக அத ஒழுக விடறோமோ அத பார்த்து பேர் வச்சிருக்காங்க. ஏர்ங்கறத காற்றுன்னு மாத்தினா போதும்: வினை காற்றெடு, பெயர் காற்றெடுப்பு. ஏபிஎஸ்ஸுக்கு வெளிச்சுற்றுக் காற்றெடுப்பு (குழாய்ல இருக்கற காத்துக்கு), உள்சுற்றுக் காற்றெடுப்பு (மாடுலேட்டர் பெட்டிக்குள்ள இருக்கற காத்துக்கு)ன்னு ரெண்டா பிரிச்சு சொல்லலாம், அந்த பிரிவு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா சரளைக்கு போயிருக்க மாட்டேன்.

> காற்றெடுப்பு என்றால் எஞ்சின் காற்றை உள்ளே இழுப்பது என்று பொருள்படாதா?

நியாயமான கேள்வி ஐயா, ரொம்ப நேரம் யோசிச்சேன். அதுக்கு உள்ளெடுப்புன்னு தனியா சொல்லலாமே, அங்க 'உள்' ரொம்ப அவசியம். நீங்க சொன்ன காற்றுநீக்கமும் தப்பில்ல, ஆனா நீக்கம்னாலே எனக்கு பணிநீக்க ஆணைதான் ஞாபகம் வருது. காற்றிறக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், காத்து இறங்கிடுச்சுன்னா எல்லாரும் டயரைத்தான் குனிஞ்சு பார்ப்பாங்க.

இன்னொண்ணு. வெறுமனே பழைய திரவத்த தள்ளிட்டு புதுசு ஏத்தறது வேற வேலை. அதுல காத்தே புகாம பார்த்துக்கிட்டா எடுக்கறதுக்கு காத்தே இருக்காது, பெட்டியும் திறக்கல ரிசர்வாயரும் வத்தலன்னா ஏபிஎஸ் பைக்குக்கு கூட சாதாரண முறையே பெரும்பாலும் போதும். நிறைய பைக் கையேடுகள் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்றது இதைத்தான். ஆனா ரெண்டுக்கும் ப்ளீடிங்னே சொல்லி பழகிட்டோம். தோழர் ஒருத்தர் இதுக்கு 'அலசல்'னு சொல்லியிருந்தார், கேக்க அழகா இருக்கு, ஆனா அலசுன்னு படிச்சவன் தண்ணிய ஊத்திட்டா? நீர்மமாற்றுன்னு வச்சுக்கலாம், நீர்மம்னா திரவம்.

நீர்மம்னு ஏன் சொல்றேன், பாய்மம்னு ஏன் சொல்லலன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. ஃப்ளூயிட்னா பாய்மம், அகராதிப்படி சரிதான். ஆனா பாய்மம்னா வளிமமும் (காத்து மாதிரி வாயு) அதுல சேர்த்திதானே, அந்தக் குழாய்க்குள்ள இருக்கவே கூடாதது வளிமம்! நீர்மத்த அமுக்கினா சுருங்காது, அதனாலதான் விரல் அழுத்தம் காலிப்பர் வரைக்கும் போகுது, காத்து சுருங்கிடும், அதனாலதான் லிவர் பஞ்சாகுது. இந்த ஒரு இடத்துலயாவது இங்கிலீஷை விட நாம துல்லியமா இருந்துட்டு போவோமே.

அதே மாதிரி 'பிரேக் ஆயில்'. நானே மேல எழுதியிருக்கேன், வாயில அதுதான் வருது. ஆனா டாட் 3, டாட் 4, டாட் 5.1னு தரம் போட்டு வர்ற பிரேக் திரவம் எதுவும் எண்ணெயே இல்ல, கிளைக்கால்ங்கற வேதிப்பொருள் வகை. ஆயில்தானேன்னு எஞ்சின் ஆயிலை ஊத்தினா ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போய் மாஸ்டர் சிலிண்டர்லேர்ந்து மாடுலேட்டர் வரைக்கும் நாசம். இங்கிலீஷ்காரங்களும் யோக்கியம் இல்ல, டாட் 5.1 கிளைக்கால், டாட் 5 சிலிக்கோன், ரெண்டையும் கலக்கவே கூடாது, பேர்ல ஒரு புள்ளியும் ஒண்ணும்தான் வித்தியாசம். குறிப்புல நான் கிளைக்கால் நீர்மம், சிலிக்கோன் நீர்மம்னே எழுதப் போறேன், ரிசர்வாயர் மூடியில போட்டிருக்கற எண்ணை பக்கத்துல கொடுத்துடறேன்.

அப்புறம் ஒரு ஜோடி, இத யாரும் கேக்கல, நானே சேர்க்கறேன். காற்றடைப்பு, ஆவியடைப்பு. கிளைக்கால் நீர்மம் ஈரத்த உறிஞ்சும், உறிஞ்ச உறிஞ்ச கொதிநிலை இறங்கும். டாட் 4ன்னா புதுசுல குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ் இருக்கணும், 3.7 சதவீதம் அளவுக்கு தண்ணி சேர்ந்த நிலையில 155 இருந்தா போதும்னு தரநிலையே சொல்லுது. நீண்ட இறக்கத்துல பிரேக்கை புடிச்சிட்டே வந்தா காலிப்பர் சூடேறி அந்த தண்ணி கொதிச்சு ஆவியாகும், ஆவியும் சுருங்கும், லிவர் கைப்பிடி வரைக்கும் வந்துடும். ஆறினா சரியாயிடும், அதுதான் ஆள ஏமாத்தறது. காற்றடைப்பு குளிர்ந்த வண்டியிலயும் இருக்கும், அதுக்கு காற்றெடுப்பு. ஆவியடைப்பு சூட்டுல மட்டும் வரும், அதுக்கு நீர்மமாற்று. இந்த ரெண்டு கொதிநிலைய உலர்கொதிநிலை, ஈரக்கொதிநிலைன்னு ஒரு பட்டியல்ல பார்த்தேன். நீர்மத்துக்கு என்னய்யா உலர்? புதுக்கொதிநிலைன்னு சொன்னா புரியும், ஈரக்கொதிநிலை அப்படியே இருக்கட்டும்.

ஏபிஎஸ், காலிப்பர், லிவர் எல்லாம் அப்படியே விட்டுடறேன், சண்டைக்கு தெம்பு இல்ல. நிப்பிளுக்கு மட்டும் 'காம்பு'ன்னு போடலாமான்னு ஒரு ஆசை. காற்றெடுப்புக் காம்பு. அத ரொம்ப முறுக்கினா உடைஞ்சு காலிப்பருக்குள்ளயே நின்னுடும், காம்புன்னு சொன்னா கை தானா கொஞ்சம் மெதுவா போகும்னு தோணுது. வேற யோசனை இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க, அன்னிக்கு பின் பிரேக்கை திறக்கறேன். போனை உள்ள வச்சிட்டுத்தான்.