60-க்கு மேல போனா "ஊங்ங்"னு சத்தம்: பேரிங்கா, டயரா?

திருப்பூர்வாசி:
2017 பெட்ரோல் ஹேட்ச்பேக், 74,000 கி.மீ. 60-ஐத் தாண்டினா முன்பக்கத்துல இருந்து "ஊங்ங்"னு சத்தம். வேகம் ஏற ஏற கூடுது. ஸ்டியரிங்ல உதறல் இல்லை. டயர் 30,000 ஓடினது, ஒரு தடவைகூட ரொட்டேஷன் (டயர்களை இடம் மாத்திப் போடுறது) பண்ணல. ரெண்டு முன் பேரிங்கையும் (சக்கரம் உரசாம சுத்த வைக்கிற குண்டு வளையம்) மாத்தணும்னு பட்டறையில சொல்றாங்க. வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்கல. எப்படி உறுதி பண்றது?

பட்டறைப்பக்கம்:
தூக்கிப் பார்க்காம பேரிங் மாத்த ஒத்துக்காதீங்க. காலியான நேர் ரோட்ல 80-ல போறப்ப நியூட்ரல் பண்ணுங்க (இஞ்சினை ஆஃப் பண்ணிடாதீங்க, ஸ்டியரிங்கும் பிரேக்கும் கல்லாயிடும்). ஆர்.பி.எம். இறங்கியும் சத்தம் மாறலைன்னா இஞ்சின் மேல சந்தேகம் வேண்டாம். அடுத்து 60-ல ஸ்டியரிங்கை லேசா இடமும் வலமும் ஒடிச்சுப் பாருங்க. வலப்பக்கம் ஒடிக்கிறப்ப எடை இடது சக்கரத்து மேல சாயும். அப்போ சத்தம் கூடினா பெரும்பாலும் இடது பேரிங்தான். சில சமயம் தலைகீழாவும் காட்டும், அதனால இதை மட்டும் நம்பி பார்ட்ஸ் வாங்காதீங்க.

சமதரையில ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வச்சு, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டு கொடுங்க. கியர் நியூட்ரல். ஒரு கையால சக்கரத்தைச் சுத்திக்கிட்டே மறு கையைக் காயில் ஸ்பிரிங் மேல வைங்க. பேரிங் போயிருந்தா உள்ள மணல் அரைபடுற மாதிரி ஸ்பிரிங்ல தெரியும். சுற்றுக்கு ஒரு தடவை "சர்"னு வந்தா அது பிரேக் பேடு உரசல், விட்டுடுங்க. பிறகு சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்க. ஆட்டம் நின்னுட்டா பேரிங், நிக்கலைன்னா பால் ஜாயிண்ட் (சக்கரத்தை சஸ்பென்ஷனோட இணைக்கிற மூட்டு).

நாலுசக்கரம்:
ரொட்டேஷனே இல்லாம 30,000-ன்னா என் சந்தேகம் டயர் மேலதான். டயர் பட்டன் (ரோட்ல படுற ரப்பர் கட்டைகள்) மேல உள்ளங்கையை முன்னும் பின்னும் தடவுங்க. ஒரு திசையில வழுவழுன்னும் மறு திசையில ரம்பப் பல் மாதிரியும் இருந்தா ரொட்டேஷன் பண்ணாததாலயோ, அலைன்மென்ட் (சக்கரங்களோட கோணம்) கோளாறாலயோ டயர் அப்படித் தேய்ஞ்சிருக்கு. சிமென்ட் ரோட்லயும் புதுத் தார் ரோட்லயும் சத்தம் வேற வேறயா கேட்டாலும் டயர்தான். பேரிங் சத்தம் ரோட்டைப் பார்த்து மாறாது. செலவில்லாத சோதனை ஒண்ணு: அதே பக்கத்துல முன் டயரைப் பின்னாடியும், பின் டயரை முன்னாடியும் மாத்திப் போட்டு ஓட்டுங்க. சத்தம் பின்னாடி போயிட்டா முடிவு தெரிஞ்சுடும்.

திருப்பூர்வாசி:
டயர் மாத்திப் போட்டும் சத்தம் முன்னாடியேதான் இருக்கு சார். வலப்பக்கம் ஒடிச்சா கூடுது. இடது ஸ்பிரிங்ல கரகரப்பு நல்லாவே தெரியுது, ஆட்டம் இல்லை.

பட்டறைப்பக்கம்:
அப்போ இடது மட்டும் போதும். வலதைச் சுத்திப் பார்த்து வழவழன்னு இருந்தா தொடவேண்டாம். ஆனா மாத்துறப்ப பக்கத்துல நில்லுங்க. பேரிங் நக்கிள்ல (பேரிங் உட்காருற இரும்புக் கூடு) இறங்குறப்ப பிரஸ்ஸோட (அழுத்தி இறக்குற மெஷின்) அழுத்தம் வெளி ரேஸ் (பேரிங்கோட வெளி வளையம்) மேல மட்டும் விழணும். சுத்தியலால அடிச்சாலோ, உள் ரேஸைப் பிடிச்சு அழுத்தினாலோ குண்டு பதிஞ்சு தடம் விழுந்துடும், சீக்கிரமே அதே ஊளை திரும்ப வரும். பழைய உள் ரேஸ் ஹப்லயே (சக்கரம் மாட்டுற நடுப்பகுதி) ஒட்டிக்கிட்டு வரும். அதை வெட்டி எடுக்கிறப்ப ஹப்ல கீறல் விழுந்தா ஹப்பையும் மாத்தணும். ஏபிஎஸ் (பிரேக் அடிக்கிறப்ப சக்கரம் பூட்டிக்காம தடுக்கிற வசதி) இருக்கிற வண்டியில பேரிங் சீல்லயே காந்த வளையம் இருந்தா, அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்கணும். திருப்பிப் போட்டா ஏபிஎஸ் லைட் எரியும், மறுபடி பிரஸ் வேலை. ஆக்சில் நட்டு புதுசு போடுங்க. இம்பாக்ட் கன்னால முடிச்சிடாம, மேனுவல்ல இருக்கிற அளவுக்கு டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து இறுக்குற ஸ்பேனர்) வச்சு இறுக்கச் சொல்லுங்க. நட்டை இறுக்காம வண்டியோட எடையைச் சக்கரத்து மேல இறக்கக் கூடாது.

நாலுசக்கரம்:
வேலை முடியிற வரைக்கும் நெடுந்தூரம் வேண்டாம். ஓட்டி நிறுத்தினதும் ரெண்டு ரிம் நடுவுலயும் கைய கிட்ட கொண்டுபோய்ப் பாருங்க. இடது மட்டும் கொதிச்சாலோ, ஆட்டம் வந்தாலோ ஓட்டாதீங்க, டோ பண்ணிக் கொண்டுபோங்க.