உதவி: பாயசம் கொட்டி அலசிய ‘சாஃப்ட் சில்க்’ சேலையில் கரை அலையலையாக நிற்கிறது

குறிஞ்சி:
வணக்கம். வளைகாப்புப் பந்தியில் என் சேலையின் மேல் பாயசம் கொட்டிவிட்டது. மயில்கழுத்து நிற உடல், அரக்குக் கரை. பட்ட இடத்தை மட்டும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினோம். கறை போய்விட்டது. ஆனால் அந்த இடத்தில் உடல் பகுதி சுருங்கிவிட்டது. கரை சுருங்காமல், ஒரு முழ நீளத்துக்கு அலையலையாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. கடையில் ‘சாஃப்ட் சில்க்’ என்றார்கள். விலைச்சீட்டில் நூலைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆவணியில் தம்பியின் திருமணம். நலங்குக்கு இதைத்தான் கட்ட ஆசை. இஸ்திரி போட்டால் சரியாகுமா? இது பட்டுத்தானா? கொசுவமும் படியாமல் உப்பிக்கொண்டே நிற்கிறது. அதற்கும் வழி சொல்லுங்கள்.

வாசல்கோலம்:
சேலை முழுவதையும் ஷாம்பு தண்ணீரில் ஊறவைத்துவிடுங்கள். எல்லா இடமும் ஒரே மாதிரி சுருங்கினால் வித்தியாசம் தெரியாது. சாயம் போகாமலிருக்க அரை மூடி வினிகர் விடுங்கள்.

தறிவீடு:
தயவுசெய்து ஊறவைக்காதீர்கள். முழுவதையும் நனைத்தால் ஆறு கெஜத்துக்கும் கரை அலையலையாகிவிடும். வினிகர் இந்த வகைச் சாயத்தைப் பிடித்துவைக்காது.

எங்கள் வீட்டில் சேலம் பக்கத்து எலம்பிள்ளைச் சேலைதான் தொழில். முதலில் என்ன நூல் என்று பாருங்கள். ரவிக்கைத் துணியின் வெட்டிய ஓரத்தில், நீளவாக்கில் ஓடும் பாவு நூல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். உடலிலிருந்து ஒன்று, கரையிலிருந்து ஒன்று உருவுங்கள். குறுக்கே ஓடும் ஊடை நூலிலும் ஒன்று. இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் தனித்தனியாகக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. காகிதம் போல எரிந்து லேசான சாம்பல் விழுந்தால் விஸ்கோஸ் அல்லது பருத்தி. உருகிக் கெட்டியான உருண்டையானால் பாலியெஸ்டர்.

பட்டுக்கு ‘சில்க் மார்க்’ முத்திரை உண்டு. மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-இல் வந்தது. அது கட்டாயமில்லை என்பதால், முத்திரை இல்லாததை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. நெருப்புச் சோதனைதான் கைக்குள் இருக்கிறது.

குறிஞ்சி:
பார்த்துவிட்டேன் அண்ணா. உடலின் பாவும் ஊடையும் காகிதம் போல எரிந்தன. கரையின் பாவு உருகிக் கருப்பு உருண்டையானது. பட்டு இல்லை என்பதில் வருத்தம்தான்.

தறிவீடு:
விலைக்கு ஏற்ற நல்ல சேலைதான் சகோதரி, வருந்த வேண்டாம். ‘சாஃப்ட் சில்க்’ என்று பட்டின் பெயரில் விற்றதுதான் தவறு.

உங்கள் உடல் பாவு விஸ்கோஸ் என்றே நினைக்கிறேன். மரக்கூழிலிருந்து எடுக்கும் இழை அது. தண்ணீரை நிறையக் குடிக்கும், காயும்போது இழுத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் தண்ணீரைக் கண்டுகொள்வதே இல்லை. ஒன்று குறுகி, மற்றது அப்படியே நின்றதால் வந்த அலை இது. உடலைத்தான் நீட்ட வேண்டும்.

தடித்த போர்வையின் மேல் சேலையைப் பின்புறமாக விரியுங்கள். ஒட்டப் பிழிந்த வெள்ளைப் பருத்தித் துணியைச் சுருங்கிய உடல் பகுதியின் மேல் போடுங்கள். ஒருவர் உடலை நீளவாக்கில், கரையின் நீளத்துக்கு வரும்வரை மெதுவாக இழுத்துப் பிடிக்கட்டும். ஈரத்தில் விஸ்கோஸ் தன் வலுவில் பாதியளவை இழந்துவிடும். வெடுக்கென்று இழுத்தால் கிழியும். இஸ்திரிப் பெட்டியின் சூட்டுத் திருகை இரண்டு புள்ளி அளவில் வைத்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுங்கள். சூடு ஆறும்வரை பிடியை விடக்கூடாது. கரைக்கு ஒரு புள்ளி போதும், அதுவும் துணிக்கு மேலேதான். கரையில் ஜரிகை இருந்தால், அது பெரும்பாலும் உலோகம் பூசிய பாலியெஸ்டர் தாள். சூடு ஏறினால் சுருண்டுவிடும், பிறகு எதுவும் செய்ய இயலாது.

ரவிக்கைத் துணியின் ஓரத்தில் முதலில் செய்து பாருங்கள். தண்ணீர்த் திட்டு விழுந்தால் நிறுத்திவிட்டு, சேலை பாலிஷ் போடும் இடத்தில் கொடுங்கள். உடல் விஸ்கோஸ், கரை பாலியெஸ்டர் என்று சொல்லியே கொடுங்கள். பட்டு என்று நினைத்தால் சூட்டைக் கூட்டிவிடுவார்கள்.

ஊசிநூல்:
கொசுவத்துக்கு நான் சொல்கிறேன். கல்யாணங்களுக்குச் சேலை மடித்துக் கொடுப்பதுதான் என் வேலை. சாட்டின் பாவாடை வழுக்கும். பாலியெஸ்டர் பாவாடை ஒட்டிக்கொண்டு மடிப்பைக் கலைக்கும். பருத்திப் பாப்ளின் பாவாடை கட்டுங்கள், நாடாவை இடுப்பில் இறுக்கமாக.

இவ்வகைச் சேலையில் மடிப்பு நான்கு விரல் அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். குறுகலாக எடுத்தால் எண்ணிக்கை கூடி, வயிற்றில் மூட்டை கட்டியது போலாகிவிடும். முதல் நாளே கொசுவம் எடுத்து, மேலும் கீழும் கிளிப் மாட்டி, பருத்தித் துணி போட்டு ஒற்றி வையுங்கள். செருகும்போது மேல் நுனியை மட்டும் உள்ளே தள்ளி, உள்பக்கமிருந்து பின் குத்துங்கள். அந்த அலை விழுந்த முழம் எங்கே வருகிறது? இடுப்பைச் சுற்றும் முதல் சுற்றில் இருந்தால் யாருக்கும் தெரியவே தெரியாது.

குறிஞ்சி:
மடியில் பட்டது அக்கா, கொசுவத்தில் இரண்டாவது மூன்றாவது மடிப்பில் வருகிறது. இன்று தங்கை இழுத்துப் பிடிக்க, ஒற்றி எடுத்தோம். பெரும்பகுதி படிந்துவிட்டது. கரையின் அடியோரத்தில் மட்டும் லேசான நெளிவு இருக்கிறது. மறுபடி செய்யலாமா?

தறிவீடு:
ஒரு நாள் நன்றாகக் காயவிட்டு இன்னொரு முறை செய்யலாம். அதற்கு மேல் வேண்டாம். எஞ்சிய நெளிவை ஃபால்ஸ், அதாவது அடியோரத்தில் உள்பக்கம் தைக்கும் பட்டைத் துணி, தாங்கிக்கொள்ளும். அந்த இடத்தில் பழைய ஃபால்ஸைப் பிரித்து, புதிதாகத் தைக்கச் சொல்லுங்கள். ஃபால்ஸ் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகே தைக்க வேண்டும். இல்லையென்றால் அதுவும் பிறகு சுருங்கும்.

ஊசிநூல்:
கட்டும் நாளில் வாசனைத் திரவியத்தைச் சேலை உடுத்தும் முன்பே பூசிக்கொள்ளுங்கள். ஜரிகையில் பட்டால் மங்கும். கழற்றியதும் நிழலில் காற்றாட விட்டு, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். கஞ்சி போட்டு வைக்காதீர்கள்; விஸ்கோஸையும் கஞ்சியையும் வெள்ளிப்பூச்சி விரும்பித் தின்னும். ஃபால்ஸ் பிரிக்கும்போது பிளேடு வேண்டாம், சிறு கத்தரியால் தையலை மட்டும் வெட்டுங்கள்.